பென்ஷன் மனுவை தள்ளிட்டாங்க, இனி என்ன பண்றது?

கேள்வி: தம்பிக்கு ஆக்சிடென்ட்ல வலது கால் போச்சு சார், மாற்றுத்திறனாளி சர்டிபிகேட்ல ஊனம் 35 சதவீதம்னு போட்டதால உதவித்தொகை கிடையாதுனு சொல்லிட்டாங்க. இனி வழியே இல்லையா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: இருக்கும்மா, மனசு விட்டுடாதீங்க. 40 சதவீதம் இருந்தாதான் பெரும்பாலான சலுகை, அதனால சண்டை போட வேண்டியது அந்த சதவீதத்தோடதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59 படி சர்டிபிகேட் முடிவை எதிர்த்து அப்பீல் பண்ணலாம். வாயால சொன்னதை நம்பி திரும்பி வராதீங்க, ஏன் தள்ளினாங்கனு எழுத்துல கேளுங்க, அது உங்க உரிமை. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பழைய ஓ.பி. சீட்டு எல்லாத்தையும் தேதிவாரியா அடுக்கி ஜெராக்ஸ் வைங்க, ஒரிஜினலை யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புல மனு குடுத்தா சீல் போட்ட ரசீது கண்டிப்பா வாங்குங்க, அதுல நம்பர் இருக்கானு அங்கயே பாருங்க. அதுக்கும் அசையலைனா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்கிட்ட புகார் எழுதுங்க.