பால் பல் விழத்தானே போகிறது, பள்ளியில் பல் பரிசோதனை எதற்கு?

சேலத்தில் பல் மருத்துவம் படிக்கிறேன். மாணவர் திட்டமாக ஏற்காட்டுப் பள்ளிகளுக்குப் போகும்போது பெற்றோர் கேட்பதும் இதைத்தான்.

முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. பால் கடைவாய்ப்பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. சொத்தையாகி முன்னதாகவே பிடுங்கினால் பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்துவிடும். அடுத்து வருவது கோணலாக முளைக்கும்.

அதைவிட முக்கியம், 6 வயதுவாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நிரந்தரக் கடைவாய்ப்பல் வருகிறது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் வீட்டில் கவனிப்பதில்லை. போன மாதம் ஒன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி வாயைத் திறந்தாள். புதுப் பல்லின் பள்ளத்தில் கமர்கட் அப்பியிருந்தது. குழி விழுவதற்குள் சீலன்ட் என்ற மெல்லிய பூச்சைப் பூசி அந்தப் பள்ளங்களை மூடிவிடலாம், ஊசியும் வலியும் இல்லை.

அப்புறம், இரவில் பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள்.