சம்பந்தி வீட்டாருக்கு 28 அறை: முழுப் பணத்தையும் இப்போதே கட்டலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கிருஷ்ணகிரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வைகாசியில் மகளுக்குத் திருமணம். சனிக்கிழமை மாலை வரவேற்பு, ஞாயிறு காலை 6 மணிக்கு மேல் 7.30க்குள் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு கோவை. அங்கிருந்து ஒரு பஸ்ஸும் சில கார்களுமாக 75 பேர் வருகிறார்கள். இரவோடு இரவாகப் புறப்பட்டு சனிக்கிழமை விடியற்காலையே வந்துவிடுவார்களாம். எங்கள் பக்கத்துச் சொந்தங்கள் பெங்களூரு, ஓசூர், சென்னை, திருச்சியிலிருந்து வருவார்கள். மண்டபத்தில் மணமக்கள் அறை போக 4 அறைகளும் மாடியில் ஒரு கூடமும் உண்டு. பக்கத்து விடுதியில் 28 அறைகள் பேசியிருக்கிறேன். ஓர் அறை நாளுக்கு 1,800 ரூபாய், வரி தனி, இரண்டு நாள் கணக்கு. முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி, ஆனால் பணம் திரும்ப வராது. இல்லையென்றால் கால் பங்கு அட்வான்ஸ், தள்ளுபடி கிடையாது. ஆவணியில் முதிர்வடையும் 1.25 லட்ச ரூபாய் வைப்புத்தொகை ஒன்று இருக்கிறது. அதை உடைத்துக் கட்டிவிடலாமா, அல்லது அட்வான்ஸ் மட்டும் கொடுத்துவிட்டு மீதியை மொய்ப் பணத்தில் தீர்க்கலாமா? சம்பந்தி வீட்டார் முன்னால் குறை வந்துவிடக் கூடாது என்கிறார் என் மனைவி.

பதில்: வைப்புத்தொகையை உடைக்க வேண்டாம். மொய்யையும் நம்ப வேண்டாம். நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். மாப்பிள்ளை வீட்டு பஸ் கோவையில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது?

உங்கள் விடுதிக்காரர் இரண்டு நாள் கணக்குச் சொல்வதில் சூது இல்லை. மதியம் 12 முதல் மறுநாள் மதியம் 12 வரை ஒரு நாள் என்று வைத்திருக்கிறார். சனிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குச் சாவி கேட்டால், அந்த அறை வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே உங்கள் பெயரில் காலியாக இருந்தாக வேண்டும். அந்த ஏழு மணி நேரத்துக்காக 28 அறைகளுக்கும் ஒரு முழு நாள் வாடகை, அதாவது 50,400 ரூபாய் கொடுக்கிறீர்கள். அதே பஸ் சனிக்கிழமை காலை 8 மணிக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மண்டபத்தில் வந்து இறங்கும். பந்தியில் உட்கார்ந்து எழுந்து விடுதிக்குப் போகும்போது மணி இரண்டு. வரவேற்புக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கும். இரவு முழுக்கப் பஸ்ஸில் குலுங்கி வந்த முகத்தோடு யாரும் புகைப்படத்தில் நிற்க வேண்டியதும் இல்லை. சம்பந்தியிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். ‘ராத்திரிப் பயணம் பெரியவர்களுக்குச் சிரமம்’ என்று தொடங்கினால் அவரே சரி என்பார்.

சில விடுதிகளில் 24 மணி நேரக் கணக்கு உண்டு, சாவி வாங்கிய நேரத்திலிருந்து மறுநாள் அதே நேரம் வரை. அங்கேயும் விடியற்காலை வருகை உதவாது. ஞாயிறு விடியலில் தாலி கட்டும் நேரத்தில் கணக்கு முடியும், பெட்டிகளோ அறையில் இருக்கும்.

இனி அந்த 10 சதவீதத் தள்ளுபடி. நீங்கள் சொன்ன கணக்குப்படி 28 அறை, இரண்டு நாள், 1,00,800 ரூபாய். தள்ளுபடி போக 90,720. மிச்சம் 10,080 ரூபாய். வைப்புத்தொகையை முன்கூட்டியே எடுத்தால் வங்கி வட்டியைக் குறைத்துக் கொடுக்கும், ஆனாலும் இழப்பு பத்தாயிரத்தைத் தொடாது. வட்டிக் கணக்கை மட்டும் பார்த்தால் இப்போதே கட்டுவதுதான் லாபம் என்று தோன்றும். நீங்களும் அப்படித்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆனால் விடுதிக்காரர் உங்களுக்கு வட்டி கொடுக்கவில்லை. அறை காலியாகக் கிடந்தால் அந்த நட்டம் யாருடையது என்ற கேள்வியை உங்கள் தலையில் ஏற்றி, அதற்குக் கூலியாக 10 சதவீதம் தருகிறார். 28 அறைகளில் மூன்று திறக்கப்படாமல் போனால் போதும். மீதி 25 அறைகளுக்குத் தள்ளுபடியே இல்லாமல் கொடுத்திருந்தாலும் 90,000 ரூபாய்தான் ஆகியிருக்கும். நான்காவது அறையிலிருந்து உங்கள் கைப்பணம் போகிறது.

மூன்று அறை காலியாகுமா என்று கேட்பீர்கள். எத்தனையோ பேருக்குப் பணம் பற்றிப் புத்தி சொல்லும் நானே, என் அண்ணன் மகள் திருமணத்துக்குத் தருமபுரியில் 20 அறைகள் எடுத்தேன். வரவேற்பு முடிந்த இரவு, மரக்கட்டை கோத்த சாவிகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் நின்றேன். பெங்களூருக்காரர்கள் ஒன்பதரைக்கே காரை எடுத்துவிட்டார்கள். நேர்ச் சாலைதானே, வீட்டுக்கே போய்ப் படுத்துக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு குடும்பங்கள் பென்னாகரத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டன. இளவட்டங்கள் மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தை விரித்து விடிய விடியச் சீட்டு ஆடினார்கள், ‘அறைக்குப் போங்கள்’ என்று கெஞ்சியும் ஒருவரும் அசையவில்லை. காலையில் பையைக் கவிழ்த்தபோது ஏழு சாவிகள் விழுந்தன. விடுதியில் 20 அறைக்கும் பில் போட்டார்கள். அதில் தவறே இல்லை. அன்று மாலை வந்து கேட்ட இரண்டு பேரை எனக்காகத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

எனவே தலையை எண்ணுங்கள், அறையை அல்ல. மாப்பிள்ளை பக்கம் 75 பேர். அதில் இளைஞர்களும் பஸ்ஸில் வரும் நண்பர்களுமாக 30 பேருக்கு மாடிக் கூடம் போதும், அவர்கள் அதையே விரும்பவும் செய்வார்கள். மீதி 45 பேர், அறைக்கு மூவர் என்றால் 15 அறைகள். மண்டபத்தின் 4 அறைகளை உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு அறையே வேண்டாம். பெங்களூருக்காரர்களில் பாதிப் பேர் இரவே திரும்பிவிடுவார்கள். சென்னை, திருச்சி உறவுகளையும் சேர்த்து 8 அறைகள் தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். 28இல் மீதி 5 அறைகள் கௌரவத்துக்காகப் போட்டவை. அவற்றை இன்றே விட்டுவிடுங்கள்.

உறுதியான 15 அறைகளுக்கு அந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே காலியாகும் பயம் இல்லை, ஆகவே 10 சதவீதம் உண்மையான லாபம். மாப்பிள்ளையின் பெற்றோர் முன்கூட்டியே காரில் வரக்கூடும் என்பதால் இரண்டு அறைகளை மட்டும் வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து எடுங்கள். மொத்தம் 17 அறை-நாள்கள், ஒன்றுக்கு 1,620 வீதம் 27,540 ரூபாய். 5 சதவீத ஜிஎஸ்டி 1,377. ஆக 28,917 ரூபாய். நீங்கள் கட்டவிருந்தது வரியோடு 95,256.

சந்தேகமான 8 அறைகளுக்குத் தள்ளுபடி கேட்காதீர்கள், தேதி கேளுங்கள். முகூர்த்தத்துக்கு 20 நாள் முன்பு வரை வேண்டாம் என்று சொன்னால் பணம் பிடித்தம் இல்லை என்பது ஒப்பந்தமாக இருக்கட்டும். அறைக்கு 500 ரூபாய் அடையாள அட்வான்ஸ் கொடுத்தால் 4,000 ரூபாயோடு முடியும். வைகாசி ஞாயிறு முகூர்த்தம், கோடை விடுமுறை, இங்கே மாம்பழ சீசன் வேறு. கையில் 20 நாள் இருந்தால் அந்த அறைகளை அவரால் வேறு ஆளுக்கு விற்றுவிட முடியும். முந்தின நாள் சொன்னால்தான் அவருக்கு நட்டம். இந்தக் காரணத்தைச் சொல்லிப் பேசினால் பெரும்பாலான விடுதிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள். மறுத்தால், 15 அறைகளை மட்டும் அங்கே முடித்துவிட்டு மற்றதை வேறு விடுதியில் பாருங்கள். காவேரிப்பட்டணம், பர்கூர் வரை போகலாம். தருமபுரி வேண்டாம். 6 மணி முகூர்த்தத்துக்கு அங்கிருந்து யாரும் நேரத்துக்கு வந்து சேர மாட்டார்கள்.

பெங்களூரு, ஓசூர் பக்கத்துப் பெரிய ஓட்டல்களில் இதையே சதவீதத்தில் எழுதுவார்கள். 20 அறைகள் பிடித்து, 80 சதவீதம் உறுதி என்று கையெழுத்திட்டால், 16 அறைகளுக்கான பணம் எப்படியும் உங்களுடையது. 12 அறைகளில்தான் ஆள் தங்கினார்கள் என்றால் வராத 4 அறைகளுக்கும் கட்ட வேண்டும். அடுத்த மகளுக்கோ மகனுக்கோ அப்படிப்பட்ட இடத்தில் பேசினால் முதலில் அந்தச் சதவீதத்தைத் தேடிப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு விவரம் இல்லை. கால் பங்கு அட்வான்ஸ் கொடுக்கும் வழியில், எடுக்காத அறைக்கும் மீதிப் பணம் கேட்பாரா? கேட்பார் என்றால் இரண்டு வழியிலும் காலி அறை உங்கள் தலையில்தான். அப்போது தள்ளுபடியை விடுவது வீண். இதை வாய்ப்பேச்சில் விடாமல் ரசீதின் பின்பக்கமாவது எழுதி வாங்குங்கள். அதே தாளில் இன்னொரு வரியும் வேண்டும். வீட்டில் ஏதேனும் துக்கம் நேர்ந்து தேதி தள்ளிப்போனால், கட்டிய பணம் புதிய தேதிக்குச் செல்லும் என்ற வரி. பணத்தைத் திருப்பித் தர மறுப்பவர்கூட இதற்கு மறுப்பதில்லை.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டால் கேளுங்கள். ரசீதில் ஜிஎஸ்டி பதிவு எண் இல்லாத சிறிய லாட்ஜ் வரி வசூலிக்கவே கூடாது. மண்டப வாடகைக்கு 18 சதவீதம், அது வேறு கணக்கு. மண்டபமும் விடுதியும் ஒரே முதலாளியுடையது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. நாள் நாளாகப் பிரித்து வாங்கினாலும் அதே கதைதான். அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், கடை வைத்திருக்கும் நீங்கள் வங்கி வழியாகவே கொடுத்துவிடுங்கள்.

மொய் விஷயத்துக்கு வருகிறேன். விடுதி பில் ஞாயிறு மதியம் 12 மணிக்குக் கைக்கு வரும். அந்த நேரத்தில் மொய் எழுதுகிறவர் நோட்டை மூடியிருக்கவே மாட்டார். அதைவிட, நம் ஊரில் மொய் வருமானம் அல்ல, கடன். எழுதியவர் வீட்டு விசேஷத்துக்குக் கூட்டியே திருப்பி எழுத வேண்டும். அதை அறை வாடகையில் கரைக்காதீர்கள். 28,917 ரூபாயைக் கடை வரவிலிருந்து இரண்டு மாதத்தில் புரட்ட முடியாதா? முடியாவிட்டால் வைப்புத்தொகையின் மேல் கடன் கேளுங்கள். பொதுவாக அதன் வட்டியைவிட ஓரிரு சதவீதம்தான் கூடுதலாக வாங்குவார்கள். இங்கே வட்டி ஓடிக்கொண்டிருக்க, அங்கே கடனுக்குக் கட்டுவீர்கள். நிகரச் செலவு சில நூறு ரூபாய்.

உங்கள் மனைவி சொல்லும் குறை எங்கே வரும் தெரியுமா? அறை எண்ணிக்கையில் அல்ல, வெந்நீரில். 6 மணி முகூர்த்தம் என்றால் விடுதி முழுக்க 3 மணிக்கே விழித்துக்கொள்ளும். கல்யாண விருந்தாளிக்கு அறை என்பது தூங்குவதற்கு இருப்பதைவிடக் குளித்துப் புடவை கட்டுவதற்குத்தான். பல விடுதிகளில் காலை 5 மணிக்குப் பிறகுதான் வெந்நீர் திறப்பார்கள். 3 மணிக்கு வேண்டும் என்று இப்போதே பேசி, அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். மாடிக் கூடத்தில் படுக்கும் 30 பேர் குளிக்கவென்று எடுத்த அறைகளில் ஒன்றிரண்டை அடையாளம் காட்டிவிட்டால், மண்டபத்துக் குழாயடியில் வரிசை நிற்காது.

உங்கள் பக்கத்து உறவுகளுக்கு அழைப்பிதழோடு ஒரு வரி அனுப்புங்கள். ‘இந்த விடுதியில் இந்த விலைக்கு அறை சொல்லி வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் இன்ன தேதிக்குள் சொல்லிவிடுங்கள்’ என்று. வாடகையை அவர்களே கொடுப்பதில் தவறில்லை. தேதியைச் சொல்லாமல் ‘வேண்டுமா?’ என்று மட்டும் கேட்டால் எல்லோரும் வேண்டும் என்பார்கள். ரயிலில் வருகிறவர்களுக்கு கிருஷ்ணகிரியில் ஸ்டேஷன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சென்னைக்காரர்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிச் சாலை வழியாக வரலாம். ஆதார் அட்டையை எல்லோரும் கையில் வைத்திருக்கட்டும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் எவரேனும் வந்தால் விடுதிக்கு முன்பே தெரிவியுங்கள். அவர்கள் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் விடுதி பதிவு செய்ய வேண்டும். சிறிய லாட்ஜ்கள் இதற்கு அஞ்சியே கடைசி நேரத்தில் அறை இல்லை என்றுவிடும்.

பஸ் ஓட்டுநருக்கும் உதவியாளருக்கும் படுக்க இடம் உண்டா என்று விடுதியில் கேட்டுவிட்டு, அதன் பிறகு பணத்தைக் கட்டுங்கள். ஞாயிறு மதியம் பந்தி முடிந்ததும் அவ்வளவு பேரையும் கோவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் அவர்தான். பஸ்ஸுக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்தவராக அவர் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது.