பதில்: சிவப்புப் பாவாடை மட்டும் கலரில் வர வேண்டும், முகமும் கலராகிறது

வணக்கம். மகளின் சிவப்புப் பட்டுப்பாவாடை மட்டும் கலரில், மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளையில் வேண்டும். ஆனால் டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் முகமும் கையும் திட்டுத்திட்டாகக் கலரில் நிற்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தோலின் நிறம் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருப்பதால், சிவப்பைப் பிடித்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

குவாலிஃபையரில் (நிறத்தை வைத்துப் படத்தின் ஒரு பகுதியைப் பிடிக்கும் கருவி) ஹ்யூ அகலத்தை, அதாவது பிடிபடும் நிறங்களின் வரம்பைக் குறையுங்கள். அப்புறம் சாச்சுரேஷனின் (நிற அடர்த்தி) 'லோ' அளவை மெல்ல ஏற்றுங்கள். பட்டின் சிவப்பு அடர்த்தியானது, தோல் அவ்வளவு இல்லை. பெரும்பாலும் இங்கேயே பிரிந்துவிடும். ஷிப்ட்-ஹெச் அழுத்தினால் எது பிடிபட்டிருக்கிறது என்று தெரியும். உதடும் பொட்டும் மட்டும் லேசில் விடாது. அதற்கு இடுப்புக்குக் கீழே ஒரு பவர் விண்டோ (பிடிப்பதை அந்த எல்லைக்குள் மட்டும் நிறுத்தும் வடிவம்) வரைந்து, அது பாவாடையோடு நகரும்படி டிராக் செய்யுங்கள். குழந்தை சுழன்று ஆடும் இடத்தில் டிராக்கர் நழுவும். அங்கே கையால்தான் நகர்த்த வேண்டும். பொறுமை தேவைப்படும் வேலை அது ஒன்றுதான்.

சரி, பிடித்தாயிற்றா? ஆல்ட்-ஓ அழுத்தினால் பிடிபடாத வெளிப்பகுதிக்கான நோடு (கலர் திருத்தங்களைப் போடும் கட்டம்) வரும். அதில் சாச்சுரேஷனை 0 ஆக்குங்கள். கறுப்பு வெள்ளையை முதல் நோடிலேயே போட்டுவிடாதீர்கள், அப்புறம் பிடிக்கச் சிவப்பே இருக்காது.

பாவாடை ஓரம் பிசிறடித்தால் மேட் ஃபினெஸில் (பிடித்த இடத்தின் ஓரத்தைச் சீராக்கும் பகுதி) பிளர் ரேடியஸைக் கொஞ்சம் கூட்டுங்கள். போன் வீடியோவில் பொதுவாகக் கலர் விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதிதான் பதிவாகும், பிசிறுக்கு அதுதான் காரணம்.

முழு வீடியோவுக்கும் இதைப் போட வேண்டாம். அவள் சுற்றி ஆடும் அந்த ஒரு ஷாட்டுக்கு மட்டும் போட்டால் நன்றாக எடுபடும்.