கொரோனா ஊரடங்கில் இணைய நூலகங்களை மக்கள் உண்மையிலேயே பயன்படுத்தினார்களா?

கேட்டவர் நூலகவியல் படிக்கிற பிள்ளை என்று நினைக்கிறேன். “பதிவிறக்கக் கணக்கு ஏறியது தெரியும், வாசித்தவர்கள் கூடினார்களா?” என்று விளக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் நேர்மாறாக நடந்தது. கணக்கில் ஏறியது ஒரே ஒரு பதிவிறக்கம், பயன்பட்டது பதினொரு வீட்டுக்கு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மொரிசியஸ் தீவு முழுக்க இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக எடுத்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

மொரிசியசில் ரோஸ்ஹில் பக்கம் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே முதல் தொற்று 2020 மார்ச் 18ஆம் தேதி தெரிந்தது. 20ஆம் தேதி காலையில் ஊரே அடங்கிவிட்டது. கோயிலையும் பூட்டிவிட்டார்கள். பிப்ரவரி 8ஆம் தேதி தைப்பூசக் காவடிக்குத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்த கூட்டம், ஒன்றரை மாதத்தில் ஆளுக்கொரு வீட்டுக்குள் போய்விட்டது.

அம்மாவுக்குப் பெரிய கவலை கோயில் பூட்டியது அல்ல. கோயில் அலமாரிக்குள் அவருடைய பாட்டு நோட்டு மாட்டிக்கொண்டதுதான். என் மாமா இருந்த காலத்தில் கைப்பட எழுதிக் கொடுத்த நோட்டு அது. அதில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது. எல்லாம் தமிழ்ப் பாட்டுதான், ஆனால் பிரெஞ்சு எழுத்தில். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது வினோதமாக இருக்கும். இங்கே வீட்டில் பேசுவது கிரியோல். கோயிலில் பாடுவது தமிழ். பள்ளியில் தமிழ் எடுத்தவர்களுக்கு எழுத்து தெரியும். அம்மா வயதுக்காரர்களில் பலருக்குத் தெரியாது. ஆனால் பாட்டு தொண்டையில் இருக்கும், ஏடு பிரெஞ்சு எழுத்தில் இருக்கும்.

“உனக்குத்தான் இன்டர்நெட்டில் எல்லாம் கிடைக்குமே, அந்தப் பாட்டை எடுத்துக் கொடு” என்றார். அவர் கேட்டது கந்தர் அலங்காரத்தில் ‘நாள் என் செயும்’ என்று தொடங்கும் பாட்டு. முருகன் முன்னே வந்து நின்றால் நாளும் கோளும் கூற்றுவனும் என்னை என்ன செய்துவிட முடியும் என்கிற பாட்டு அது. அந்த நேரத்துக்கு வேறெந்தப் பாட்டைக் கேட்பார்கள்?

தேட உட்கார்ந்தால், முதலில் திறந்த பக்கத்தில் ஆங்கில எழுத்துக்கு மேலே புள்ளியும் கொம்புமாகக் கன்னாபின்னாவென்று வந்தது. யூனிகோடு வருவதற்கு முந்திய பழைய எழுத்துருவில் ஏற்றிய கோப்பு. அடுத்து ஒரு ஸ்கேன் புத்தகம். பக்கம் கோணலாக, ஓரத்தில் யாரோ பிடித்த கட்டைவிரலோடு. அப்புறம்தான் மதுரைத் திட்டத்தில் சுத்தமான பாடம் கிடைத்தது. 1998 பொங்கலன்று தொடங்கி, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சு செய்து வைத்த நூலகம் அது. உறுப்பினர் அட்டை வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மாவிடம் போனை நீட்டினால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, “இது எனக்கு எதற்கு?” என்றார். நியாயம்தானே!

அன்று இரவு அந்தப் பாட்டை நான் பிரெஞ்சு எழுத்தில் பெயர்த்தேன். நான்கே வரி, ஒரு மணி நேரம் பிடித்தது. ‘மு’ என்று வாசிக்க வைக்க எம், ஓ, யு என மூன்று எழுத்து போட வேண்டும். ‘கந்தர்’ என்பதில் ஒற்றை ‘என்’ போட்டால் இங்கே எல்லோரும் மூக்கால் வாசிப்பார்கள். இரட்டை ‘என்’ போட்டால்தான் நாக்கு நேராக நிற்கும். ‘தோளும்’ என்பதில் உள்ள ளகரத்துக்கு வழியே கிடையாது, அது கடவுள் விட்ட வழி. காலையில் அதை அம்மாவின் போனுக்கு அனுப்பி, கூடவே மெதுவாக வாசித்து ஒரு குரல் பதிவும் போட்டேன். அம்மா அதை பக்கத்து வீட்டு தாந்தினுக்கு அனுப்பினார் (அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் இங்கே தாந்தின்தான்). தாந்தின் தன் தங்கைக்கு. வாரக் கடைசியில் பதினொரு வீடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் விளக்கேற்றி, அவரவர் வீட்டில் அந்தப் பதிவோடு சேர்ந்து பாடுவார்கள். அடுத்த பாட்டு எப்போது என்று எனக்குத் தினமும் நச்சரிப்பு. ஆகஸ்டுக்குள் நாற்பது பாட்டு செய்திருப்பேன்.

இப்போது சொல்லுங்கள், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? நூலகத்துக்குத் தெரிந்தது மொரிசியசிலிருந்து ஒருவன் ஒரு பக்கத்தைத் திறந்தான் என்பது மட்டும்தான்.

பதிப்புரிமை என்று ஒருவர் கட்டாயம் வருவார். இந்தப் பாட்டைப் பாடிய அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டு ஐயா. அவர் வாரிசு யாரும் வழக்குப் போடவில்லை. வழக்கு வந்தது என் மகள் பயன்படுத்திய நூலகத்துக்குத்தான். அவள் ஆங்கில நாவல் பைத்தியம். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்கிற அந்த இணைய நூலகம் 2020 மார்ச் 24ஆம் தேதி காத்திருப்பு வரிசையை எடுத்துவிட்டு, சுமார் 14 லட்சம் புத்தகங்களை அவசரகால நூலகம் என்று திறந்துவிட்டது. அதுவரை கையில் எத்தனை பிரதி இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் இரவல். ஜூன் 1ஆம் தேதி நான்கு பெரிய பதிப்பகங்கள் நீதிமன்றம் போயின, 16ஆம் தேதி ஆர்க்கைவ் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. 2023இல் தீர்ப்பும் பதிப்பகங்கள் பக்கம்தான் வந்தது. எழுதிப் பிழைக்கிறவர்கள் பயந்ததில் தப்பில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கடையும் நூலகமும் பூட்டிக் கிடந்தபோது, அவள் அறைக்குள் அழாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். இரண்டையும் ஒரே வாயால் சொல்லக்கூடாது என்று சட்டமா?

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். ஏப்ரல் 2ஆம் தேதி சூப்பர் மார்க்கெட்டுகளைத் திறந்தபோது குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படிதான் உள்ளே விட்டார்கள். ஏ முதல் எஃப் வரை திங்கள், வியாழன். ஜி முதல் என் வரை செவ்வாய், வெள்ளி. மிச்சமெல்லாம் புதன், சனி. எங்கள் கொள்ளுத்தாத்தா பெயர் கருப்பன். எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் என் அப்பாவுக்கு ‘சி’, சித்தப்பாவுக்கு ‘கே’. ஒரே இரத்தம், இரண்டு கடை நாள்! எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது, மறந்துபோன பருப்பைச் சித்தப்பா மறுநாள் வாங்கி வந்துவிடுவார். ஆனாலும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. இதே கோளாறுதான் நூலகத் தேடலிலும். திருப்புகழை ரோமன் எழுத்தில் ஒருவர் ‘எல்’ போட்டு எழுதியிருப்பார், ஒருவர் ‘இசட் எச்’, இன்னொருவர் ‘திரு’வுக்கு ‘எச்’ இல்லாமல். மூன்றும் மூன்று புத்தகம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

1998இல் இங்கே வந்த புதிய மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியதற்கு எங்கள் சனம் கொதித்தெழுந்தது. நோட்டையே திரும்பப் பெற வைத்தோம். இன்றைக்கும் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ்தான் இருக்கிறது. அதை வாசிக்கச் சொன்னால் கொதித்தவர்களில் எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று நான் கேட்டால், தமிழ் வாத்தியாருக்குத் திமிர் என்பார்கள். அதனால் கேட்கவில்லை.

கோயில் திறந்த பிறகு அம்மாவின் பழைய நோட்டு பத்திரமாகத்தான் கிடைத்தது. ஆனால் இப்போது பெண்கள் பாடுவது நான் அனுப்பியதை அச்செடுத்த தாளைப் பார்த்துத்தான். முதல் நாள் இரவு தூக்கக் கலக்கத்தில் ‘சதங்கையும்’ என்பதில் ஒரு எழுத்தை விழுங்கி ‘சங்கையும்’ என்று அடித்திருக்கிறேன். பதினொரு வீடும் மூன்று மாதம் அப்படியே பாடிப் பழகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை போய்த் திருத்தப் பார்த்தேன். தாந்தின் தாளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, “லைப்ரரியில் இப்படித்தானே இருந்தது, நீதானே எடுத்துக் கொடுத்தாய்” என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.