குமாஸ்தா என்றால் அவ்வளவு இளப்பமா?

கேள்வி: என் மகள் சட்டம் படித்தவள். வக்கீல் ஆபீசுக்குப் போகாமல், திருவனந்தபுரம் சட்டசபைச் செயலக வேலைக்குப் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதப்போகிறாளாம். எம்.எல்.ஏ.க்கள் பேசுவதை எழுதிவைக்கிற குமாஸ்தா உத்தியோகத்துக்கு எல்.எல்.பி. எதற்கு? (வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: முதலில் மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடுங்கள். அப்புறம் உங்களிடம் வருகிறேன்.

2021 மே மாதம் தேவிகுளம் எம்.எல்.ஏ. ராஜா கேரள சட்டசபையில் தமிழில் பதவிப் பிரமாணம் எடுத்தார். கேரள எல்லையில் இருக்கிற தமிழர்கள் நமக்கெல்லாம் பெருமை பிடிபடவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் கையில் கொடுத்த தமிழ் வாசகத்தில், கடவுள் பெயரால் என்றோ உளமார என்றோ வரவேண்டிய இடமே இல்லை. தமிழாக்கத்தில் விட்டுப்போயிருந்தது. ஜூன் 2-ஆம் தேதி மறுபடியும் பிரமாணம் எடுத்தார்.

ஒரு சொல்தானே என்பீர்கள். முறைப்படி பிரமாணம் எடுக்காமல் சபையில் உட்கார்ந்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் என்கிறது அரசியல் சட்டத்தின் 193-வது பிரிவு. நடுவில் சபாநாயகர் தேர்தல் வேறு நடந்து முடிந்திருந்தது. அந்தத் தாளை முதல் நாளே வாசித்துப் பார்க்க, தமிழும் சட்டமும் தெரிந்த ஒரு ஜோடிக் கண் இருந்திருந்தால்? உங்கள் வீட்டிலேயே ஒரு ஜோடி இருக்கிறது. நீங்கள் அதை வக்கீல் ஆபீசுக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்.

குமாஸ்தா என்ற சொல்லுக்கு வருவோம். லண்டன் நாடாளுமன்றத்தில் சபைச் செயலகத்தின் தலைமைப் பதவிக்குப் பெயரே கிளார்க்தான். எர்ஸ்கின் மே என்பவர் 1831-இல் அங்கே நூலக உதவியாளராகச் சேர்ந்து, 40 வருஷம் கழித்துக் கிளார்க் ஆனார். இடையில் 1844-இல் சபை நடைமுறை பற்றி ஒரு புத்தகம் போட்டார். இன்றைக்கும் அதைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்கள். புத்தகத்தையே அவர் பெயரால்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்துப் பிரதமர்களில் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?

நம் ஊரில் பதவிக்குப் பெயர் செயலாளர். மக்களவையிலும் மாநிலங்களவையிலும் செக்ரட்டரி ஜெனரல். சபை நடக்கும்போது டி.வி.யில் பாருங்கள். சபாநாயகர் ஆசனத்துக்குக் கீழே மேசையில் உட்கார்ந்திருப்பார். கூச்சல் உச்சத்துக்குப் போகும்போது எழுந்து, மேலே திரும்பி, சபாநாயகரிடம் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொல்வார். அடுத்த நிமிஷம் சபாநாயகர் ஒரு விதி எண்ணைச் சொல்லித் தீர்ப்புக் கொடுப்பார். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? சரி, குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு வேட்புமனு வாங்குவது யார்? இரண்டு அவைகளின் செக்ரட்டரி ஜெனரல்களும் முறை வைத்துச் செய்கிறார்கள். 2007-இல் வாங்கியவர் பி.டி.டி. ஆச்சாரி, மலையாளிதான்.

இவர்கள் பிழையே செய்யாத மகான்கள் என்று நான் சொல்லவில்லை. மக்களவைச் செயலகத்திலேயே ஊறியவர் எஸ்.எல். ஷக்தர், நாடாளுமன்ற நடைமுறைக்கே இலக்கணமான புத்தகத்தை எழுதிய இருவரில் ஒருவர். 1977-இல் தலைமைத் தேர்தல் ஆணையரானார். அவர் காலத்தில்தான் 1982 மே மாதம் நம் கேரளத்துப் பரவூரில் முதன்முதலாக ஓட்டு எந்திரம் வைத்தார்கள், 50 சாவடிகளில். சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஓட்டுப்பதிவு நடந்தது. விதியைக் கரைத்துக் குடித்தவருக்கே விதி காலை வாரியது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்: ஆந்திரத்துக்காரர் வி.எஸ். ரமாதேவி, 1993 முதல் 1997 வரை மாநிலங்களவையின் செக்ரட்டரி ஜெனரல். அவரும் சட்டம் படித்தவர். பிறகு இமாச்சலத்திலும் கர்நாடகத்திலும் கவர்னர்.

மகள் படித்தது தமிழ்ப் பள்ளியிலா? அப்படியானால் எழுத்து மலையாளத்தில் கொஞ்சம் தடுமாறுவாள். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறதென்று விட்டுவிடாமல், காலையில் ஒரு மலையாளப் பேப்பர் வாங்கிப் போடுங்கள். அந்தச் செலவு உங்களுடையது.