கரும்புச் சக்கையும் கருநிறப் படிவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். கரும்புச் சக்கையிலிருந்து திண்ம அமில வினையூக்கிகளைக் கொண்டு ஃபர்ஃபியூரால் என்னும் கரிம வேதிப்பொருளைத் தயாரிப்பது என் தலைப்பு. தூய சைலோஸ் சர்க்கரையை வைத்துச் செய்த சோதனைகளில் நல்ல விளைச்சல் கிடைத்தது. இரண்டு கட்டுரைகளும் வந்துவிட்டன. ஆலையிலிருந்து வாங்கிவந்த சக்கையை இட்டாலோ விளைச்சல் பாதிக்கும் கீழே போகிறது, ஆட்டோகிளேவின் (உயர் அழுத்தத்தில் சூடாக்கும் மூடிய கலத்தின்) சுவரில் கருப்பாக ஏதோ ஒட்டிக்கொள்கிறது, இரண்டாம் முறையிலேயே வினையூக்கி செயலிழக்கிறது. சக்கை பற்றிய இயலை விட்டுவிட்டு ஆய்வேட்டை முடிக்குமாறு உடன் ஆய்வு செய்பவர்கள் சொல்கிறார்கள். கழிவைப் பயனுள்ள பொருளாக்க வேண்டும் என்றுதான் இத்துறைக்கு வந்தேன். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

சக்கை இயலை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தோல்விகளாக எழுதியிருக்கும் மூன்றுமே உங்கள் ஆய்வேட்டின் மையத்தில் இருக்க வேண்டியவை என்பது என் உறுதியான எண்ணம்.

ஃபர்ஃபியூரால் புதிய பொருள் அன்று. ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் அதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டார். தவிட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதன் பெயர் வந்தது. 1922இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் தன்னிடம் குவிந்துகிடந்த ஓட்ஸ் உமியைக் கந்தக அமிலத்தோடு நீராவியில் வேகவைத்து அதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. டொமினிகன் குடியரசிலும் தென்னாப்பிரிக்காவிலும் சர்க்கரை ஆலைகளை ஒட்டிய தொழிற்சாலைகள் கரும்புச் சக்கையிலிருந்தே அதை எடுத்திருக்கின்றன. அந்தப் பழைய முறைகளில், கணக்குப்படி கிடைக்கக்கூடிய அளவில் ஏறத்தாழப் பாதிதான் கைக்கு வந்தது. மீதிப் பாதி எங்கே போகிறது என்ற கேள்வி நூறாண்டுகளாக இத்துறையில் இருக்கிறது, உங்கள் ஆட்டோகிளேவின் சுவரில் ஒட்டியிருப்பது அதற்கான விடையின் ஒரு பகுதி.

சைலோஸ் மூலக்கூறு ஒன்று மூன்று நீர் மூலக்கூறுகளை இழந்து ஃபர்ஃபியூராலாகிறது. 150 கிராம் சைலோஸிலிருந்து அதிகபட்சம் 96 கிராம் ஃபர்ஃபியூரால் வரலாம். எஞ்சிய 54 கிராமும் நீர்தான். அதாவது ஒரு கார்பன் அணுகூட இழக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் உருவான ஃபர்ஃபியூரால் சூடான அமில நீரிலேயே தங்கியிருந்தால், தன்னோடும் இன்னும் மாறாத சர்க்கரையோடும் பாதி வழியில் இருக்கும் இடைநிலைப் பொருள்களோடும் பிணைந்து ஹியூமின் என்னும் கருநிறத் திண்மமாகிவிடுகிறது. தொழிற்சாலைகளில் நீராவியைத் தொடர்ந்து செலுத்தி ஃபர்ஃபியூராலை உடனுக்குடன் வெளியே இழுத்துவிடுவதற்கு இதுவே காரணம். 2006இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டூமெசிக் குழுவினர் ஃபிரக்டோஸ் சர்க்கரையிலிருந்து, ஃபர்ஃபியூராலுக்கு நெருங்கிய உறவான ஹைட்ராக்சிமெத்தில்ஃபர்ஃபியூரால் தயாரித்தபோதும், நீரின் மேல் ஒரு கரிமக் கரைப்பானை நிறுத்தி, பொருள் பிறந்தவுடன் அது மேலடுக்குக்கு ஏறிவிடும்படி செய்தார்கள். உங்கள் மூடிய கலத்தில் அப்படித் தப்பிச் செல்ல வழி உண்டா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து, அந்தக் கருப்புப் படிவை எடைபோடுங்கள். நான் ஆய்வு மாணவனாக இருந்த ஆண்டுகளில் அதைச் சுரண்டி எறிந்துகொண்டே இருந்தேன், ஒருமுறைகூட எடைபோடவில்லை. இன்றும் எனக்கு அது வருத்தம் தருகிறது. கலத்தில் இட்ட கார்பன் எவ்வளவு, கரைசலில் எவ்வளவு, வாயுவில் எவ்வளவு, திண்மத்தில் எவ்வளவு என்று கூட்டிக் காட்டும் ஒரு அட்டவணையை நான் விளைச்சல் எண்ணைவிடப் பெரிதும் மதிப்பேன். சக்கையின் உலர் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, தாவர நார்களைப் பிணைத்து நிறுத்தும் லிக்னின் என்பதால், திண்மம் முழுவதையும் ஹியூமின் என்று எழுதிவிடவும் முடியாது. இரண்டையும் பிரித்தறிவது கடினமான வேலைதான். அதற்கே ஒரு இயல் தகும்.

வினையூக்கி செயலிழப்பதற்கு ஹியூமின் துளைகளை அடைப்பது மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. சக்கையின் சாம்பலில் இருக்கும் பொட்டாசியம் கரைந்து வந்து, வினையூக்கியின் அமில இடங்களில் புரோட்டான்கள் இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். சக்கையை முதலில் நீர்த்த அமிலத்தில் கழுவி ஒருமுறை, கழுவாமல் ஒருமுறை செய்து பார்த்தால் இது தெளிவாகும். இன்னொன்றும் உண்டு: ஜியோலைட் என்னும் நுண்துளைத் திண்ம அமில வினையூக்கியின் துளைகள் ஒரு நானோமீட்டருக்கும் குறைவானவை, சக்கையில் சைலோஸைக் கோத்துவைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸின் நீண்ட சங்கிலி அதற்குள் நுழையாது. அப்படியிருந்தும் வினை நடக்கிறதென்றால், அமிலம் வினையூக்கியிலிருந்து கசிந்து கரைசலில் வேலை செய்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். வினையின் பாதியில், சூட்டோடு வடிகட்டி, வடிநீரில் வினை தொடர்கிறதா என்று பாருங்கள். மறுபயன்பாட்டுச் சோதனையை முழு மாற்றம் நடந்து முடியும் நேரத்தில் நிறுத்தாமல், பாதி மாற்றத்திலேயே நிறுத்தி ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் பலவீனப்பட்ட வினையூக்கியும் நன்றாகவே இருப்பதாகத் தோன்றும்.

கடிதத்தில் ஒரு சொல்லோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. சக்கையைக் கழிவு என்று எழுதாதீர்கள். சர்க்கரை ஆலை தன் கொதிகலனை அதைக் கொண்டுதான் எரிக்கிறது, மின்சாரமும் எடுக்கிறது. கரூர் அருகே புகளூர் காகித ஆலை 1980களிலிருந்து அதிலிருந்து காகிதம் செய்கிறது, சக்கைக்கு ஈடாக ஆலைகளுக்கு எரிபொருள் கொடுத்திருக்கிறது. நீங்கள் ஒரு கிலோ சக்கையை எடுத்தால், அந்த இடத்தில் வேறு ஏதோ ஒன்று எரிந்தாக வேண்டும். ஆகவே ஃபர்ஃபியூரால் எடுத்தபின் எஞ்சும் செல்லுலோஸும் லிக்னினும் எரிபொருளாகவோ கூழாகவோ திரும்பப் போக முடியுமா என்பதும் உங்கள் கணக்கில் வரவேண்டும்.

சக்கை எந்த ஆலையிலிருந்து வந்தது, எந்த மாதத்தில் எடுத்தது, திறந்தவெளியில் எத்தனை நாள் கிடந்தது, ஈரமும் சாம்பலும் எத்தனை விழுக்காடு என்பவற்றைச் செய்முறைப் பகுதியின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். கழுவிய சக்கையின் முடிவுகள் கிடைத்ததும், எண்கள் எப்படி இருந்தாலும், எனக்கு அனுப்பிவையுங்கள்.

அன்புடன்