எலி முகம் யாருக்கு? (வாசகர் கேள்வி பதில்)

கே: முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்று சிவகாசிப் புத்தகங்களிலேயே வளர்ந்தவன் நான். யூதர்களின் சொந்தக் கதைகள் காமிக்ஸில் வந்திருக்கின்றன என்று போன இதழில் ஒரு வரி எழுதினீர்கள். அதெல்லாம் சாகசக் கதையா?
(ஓய்வு பெற்ற கண்டக்டர், திருமங்கலம்)

ப: 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்த கூட்டத்தில் நானும் ஒருவன், அதனால் உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் இது வேறு. ஆர்ட் ஸ்பீகல்மேன் என்ற அமெரிக்க ஓவியர், ஹிட்லர் காலத்துப் போலந்தில் பட்ட பாட்டையும் ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிரோடு வந்ததையும் தன் அப்பாவை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு வரைந்த புத்தகம் 'மௌஸ்'. யூதர்கள் எலி, ஜெர்மானியர்கள் பூனை. 1986-லும் 1991-லும் இரண்டு பாகங்களாக வந்தது. 1992-ல் புலிட்சர் சிறப்பு விருதும் கிடைத்தது.

விருது கிடக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த அப்பாதான். தெருவில் கிடக்கிற ஒயரைப் பொறுக்கி வைத்துக்கொள்வார். பாதி தீர்ந்த மளிகைப் பாக்கெட்டைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்து, பதிலுக்கு வேறு சாமான் வாங்கி வருவார். யூதன் என்றால் கஞ்சன் என்று வெறுப்பவர்கள் போடும் கேலிப்படம் மாதிரியே அப்பா இருக்கிறாரே, இதை எப்படி வரைவது என்று மகன் புத்தகத்துக்குள்ளேயே புலம்புகிறார், அப்புறம் அந்தப் புலம்பலையும் வரைந்துவிடுகிறார். அவ்வளவு கொடுமையிலிருந்து தப்பியவர் மகான் ஆகியிருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். அவர் ஆகவில்லை, அவ்வளவுதான்.

கே: யூதர் என்றாலே வெள்ளைத்தோல், நீளத் தாடி, கறுப்புத் தொப்பி. சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். நிஜமும் அதுதானே?
(கல்லூரி மாணவி, மேலூர்)

ப: இல்லை. ஜோவான் ஸ்ஃபார் என்ற பிரெஞ்சு ஓவியரின் தந்தை வழி அல்ஜீரியா, தாய் வழி உக்ரைன். அவர் 2002-ல் தொடங்கிய 'ரபியின் பூனை' காமிக்ஸ் வரிசை பழைய அல்ஜீர்ஸ் நகரத்தில் நடக்கிறது. (ரபி என்றால் யூத மதகுரு.) ஹீப்ருவில் ஜெபம் பண்ணி, அரபு பேசுகிறவர்களோடு வாழும் ஒரு ரபிக்கு, பிரெஞ்சில் சொல்வதெழுதுதல் பரீட்சை வைக்கிறார்கள். யார் நல்ல யூதர் என்று முடிவு பண்ண இப்படியும் ஒரு வழி!

அவ்வளவு தூரம் எதற்கு, மகாராஷ்டிரத்து யூதர்களான பெனே இஸ்ரேல் மக்கள் மராத்தி பேசுகிறவர்கள், எண்ணெய் ஆட்டியவர்கள். யூதர்களின் ஓய்வு நாளான சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள் என்பதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார். மும்பையில் அந்தச் சமூகத்தில் பிறந்து இப்போது அமெரிக்காவில் வாழும் சியோனா பெஞ்சமின், தன் ஓவியங்களில் பெண்களுக்கு நீல உடம்பு கொடுக்கிறார். நம் கண்ணுக்கு அது உடனே கிருஷ்ணன் நிறம்.

அடுத்து கொச்சி. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு, நம் கீழக்குயில்குடி சமணர் மலையில் பார்க்கிற அதே வட்டெழுத்தில்தான் இருக்கிறது. பகல்விளக்கு, குடை, தோரணம் என்று அதில் வரும் உரிமைகளுக்கு நமக்கு அகராதியே வேண்டாம். (போடிமெட்டு ஏறி, மூணாறு வழியாக கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கும் யூத ஜெப ஆலயத்தைப் பார்க்கப் போனேன். போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. பூட்டியிருந்தது. சனிவார் தேலி கதையை வாய்கிழியப் பேசுகிற எனக்கு இது தோன்றவில்லை.)

எல்லாம் ஒரே குடும்பமாக இருந்தார்கள் என்றும் நினைக்காதீர்கள். அதே மட்டாஞ்சேரியில் 'வெள்ளை' யூதர்களின் ஆலயத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வம்சத்துக்கு ஒரு காலத்தில் சம இடம் கிடையாது. அந்த வம்சத்தில் வந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் பண்ணினார். 'யூத காந்தி' என்றே பெயர் வாங்கினார். 1939-ல் மீனாட்சி கோயில் நுழைவைக் கண்ட ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டுமா? யாராவது இதைக் காமிக்ஸாக வரைந்தால் முதல் பிரதி எனக்கு.

கே: 'ரபியின் பூனை'யில் பூனை பேசுவதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனமாக இல்லை?
(பெயர் வேண்டாம், உசிலம்பட்டி)

ப: அந்தப் பூனைக்குப் பேச்சு வந்ததே வீட்டுக் கிளியைத் தின்றதால்தான். அம்மன் கையில் கிளி இருக்கிற ஊரில் உட்கார்ந்து இதை எழுதவே கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கே: நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் தமிழ். பாட்டி சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். அவர் கதையைக் காமிக்ஸாக வரைய ஆசை. எனக்குச் சௌராஷ்டிர எழுத்தும் தெரியாது, பேச்சும் அரைகுறை. எனக்கு உரிமை உண்டா?
(மகால் பக்கத்து வாசகி, மதுரை)

ப: 'மௌஸ்' இரண்டாம் பாகம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது. ஸ்பீகல்மேனின் மனைவி பிரெஞ்சுக்காரர், மதம் மாறி யூதரானவர். அவரை எந்த மிருகமாக வரைவது? தவளையாகவும் முயலாகவும் போட்டுப் பார்க்கிறார் கணவர். நான் மாறிவிட்டேன், எனக்கும் எலி முகம்தான் வேண்டும் என்கிறார் அம்மணி. கடைசியில் எலிதான். ஆக, அரைகுறை என்று ஒதுங்க வேண்டாம் தாயி. அந்த அரைகுறைதான் உங்கள் கதை. பாட்டி ஒரு சொல்லைச் சொல்லி, நீங்கள் முழிக்கிற முழியை ஒரு கட்டத்தில் வரையுங்கள். அந்தச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள், பக்கத்தில் அர்த்தம் போடாதீர்கள். படிக்கிறவன் கொஞ்சம் திணறட்டுமே.

சரித்திரம் கேட்காதீர்கள், குஜராத்திலிருந்து வந்த கதையை எல்லாரும் சொல்வார்கள். நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றும்போது விரல் எப்படி வலித்தது, கூலிக் கணக்கை யார் பார்த்தது, எந்தச் சண்டையில் யாரோடு பேச்சு நின்றது, இதையெல்லாம் கேளுங்கள். முகம் வரைய வராவிட்டால் கையை மட்டும் வரைந்தாலும் போதும். கேட்பதை இந்த வாரமே தொடங்குங்கள். ஸ்பீகல்மேனின் அம்மாவும் தன் கதையை நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். அவர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, தாங்க முடியாமல் அப்பா எல்லாவற்றையும் எரித்துவிட்டார். அந்தப் புத்தகத்தில் அம்மா பேச வேண்டிய இடமெல்லாம் காலி.

முதல் நாலு பக்கம் முடிந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். ஜெராக்ஸ் போதும், மூலத்தை அனுப்பாதீர்கள்.